அடுத்த மூன்று நாட்களுக்கு மழை இல்லை

கொட்டாஞ்சேனை,
ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு.

அன்புள்ள தங்கச்சி கொன்ஸ்ரன்ஸுக்கு,

பேசாலையில் உனக்கும் மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்கவில்லை என்று நம்பிக்கொண்டும், இங்கே எனக்கு வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம் என்று அறிவித்துக்கொண்டும், உன் அண்ணன் ஹெக்டர் தன் சொந்தக் கையால் எழுதுவது.

முதலில் எழுத்துக்கு மன்னிப்பு. கோடு போட்ட கொப்பியில்தான் எழுதுகிறேன். ஆனால் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டோம் என்கின்றன. சில மேலே ஏறி நிற்கின்றன, சில கீழே இறங்கிக் குந்தியிருக்கின்றன. முன்பெல்லாம் காலையில் துறைமுக வாசலில் பேர் கூப்பிடும்போது நாங்கள் நின்ற வரிசையும் இப்படித்தான் இருந்தது, ஆனாலும் வேலை நடந்தது. மேலே ஞாயிற்றுக்கிழமை என்று எழுதிவிட்டு ஒரு பிளேன்டீ குடித்துக் களைப்பாறித்தான் உன் பெயருக்கு வந்தேன். பேனையை அழுத்திப் பிடிக்கிறேனாம். பின்பக்கத்தைத் தடவினால் கண் தெரியாதவர்களும் வாசிக்கலாம் என்று மருமகள் ஆரணி சொல்கிறாள். போனில் சொல்லலாம்தானே என்று மகன் ஜெனிஸ்டன் கேட்டான். போனில் யாரும் சொல்லலாம்.

தங்கச்சி, இது நான் உனக்கு எழுதும் முதலாவது கடிதம். இத்தனை வருடமும் என் பெயரில் உனக்கு வந்தவை முதலில் உன் அண்ணி எழுதியவை, அவள் கண்ணை மூடிய பிறகு மகன் ஜெனிஸ்டன் எழுதியவை. அவற்றில் நான் சொல்லாதவை நிறைய இருந்தன. உன்னுடைய கண் ஒப்பரேசனைப் பற்றி நான் உருக்கமாக விசாரித்திருந்ததை வாசித்து அழுததாக ஒருமுறை போனில் சொன்னாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் நான் விசாரித்தது கருவாட்டில் ஏன் இவ்வளவு உப்பு என்பதை மட்டும்தான். மிச்சம் ஜெனிஸ்டன். இனிமேல் என்னிடமிருந்து வருவது முழுக்க நான் சொன்னதாக இருக்கும். அதனால் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும்.

ஆனால் இன்றைக்குக் குறைவாக எழுத முடியாது. நேற்றுப் பின்னேரம் கோயில் முற்றத்தில் உன் அண்ணன் வென்றான். யாரை வென்றான் என்று கேட்பாய். சம்பந்தியை, அவருடைய போனை, மேலே இருந்த கறுப்பு மேகத்தை, மூன்றையும் ஒரே பின்னேரத்தில். அதை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன், பொறுமையாக வாசி. நீ வாசிப்பதை விட நான் எழுதுவது மெதுவாகத்தான் நடக்கிறது.

நான் வாசிக்கத் தெரியாதவன் என்பது உனக்குத் தெரியும். அப்பா இறந்த வருடம் நீ கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனாய், நான் துறைமுகத்துக்குப் போனேன். எங்கள் லேனில் யாருக்கும் இது தெரியாமல் பார்த்துக்கொண்டேன். யாராவது கடுதாசி நீட்டினால் கண்ணாடி வீட்டில் என்பேன். எழுபது வயதில் உண்மையாகவே கண்ணாடி போட வேண்டி வந்ததும் அந்தச் சாட்டும் போய்விட்டது. நாற்பத்தொரு வருடம் கப்பலில் சாமான் இறக்கியும் நான் படித்தது ஒரே ஒரு எழுத்துத்தான். பெட்டியில் குடைப் படம் போட்டிருந்தால் அது நனையக் கூடாது. அந்தக் குடையை மட்டும் நான் ஒரு நாளும் பிழையாக வாசித்ததில்லை. போன வருடம் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு என்று ஷெரோமி ரீச்சர் அறிவித்தபோது, மண்டபத்துக் கதிரை அடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஒன்பது பேர் இருந்தோம். மாளிகாவத்தையிலிருந்து வரும் அஸீஸாவும் நானும்தான் கடைசி வாங்கில் குந்தியவர்கள். பத்து மாதத்தில் ஒன்பது பேரும் வாசிக்கத் தொடங்கிவிட்டோம்.

இனி சம்பந்தி. ஆரணியின் தகப்பன் சிவபாதசுந்தரம் வெள்ளவத்தையில் இருக்கிறார், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பதினொரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பேத்தியைப் பார்க்க வரும்போது கக்கத்தில் பேப்பரோடு வருவார், என்னை எதிரே இருத்துவார், வாசித்துக் காட்டுவார். மரண அறிவித்தலில்தான் தொடங்குவார். அவருக்கு அதுதான் முதல் பக்கம். செத்தவரின் ஊர், உத்தியோகம், மருமக்கள் எந்த நாட்டில், எல்லாம் ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். அதன் பிறகு விளையாட்டு, விலைவாசி. நாட்டு நடப்பு வந்தால் மட்டும், "இது உங்களுக்கு வேண்டாம், சம்பந்தி" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். எந்தப் பக்கம் எனக்கு வேண்டும், எது வேண்டாம் என்று பதினொரு வருடமாக அவர்தான் தீர்மானித்தார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன். வகுப்புக்குப் போகிறேன் என்று தெரிந்ததும், "கையெழுத்துப் போடப் பழகினாலே காணும்" என்றார். அன்றைக்கே முடிவெடுத்தேன். சான்றிதழ் கொடுக்கும் நாளில் மைக்குக்கு முன்னால் நின்று, அவர் காது கேட்க, நான் வாசிக்க வேண்டும்.

ஆளுக்கு எட்டு வரி, எதை வேண்டுமானாலும் தெரிவு செய்யலாம் என்று ஷெரோமி சொன்னார். அஸீஸா ரவைப் பைக்கற்றின் பின்பக்கத்தை எடுத்தார். முப்பது வருடமாக அதைப் பிழையாகச் சமைத்துவந்தது அன்றுதான் அவருக்குத் தெரியவந்ததாம். எனக்கு வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் கொடுக்கப் பார்த்தார்கள். வேண்டாம் என்றேன். சங்கீதம் எனக்கு அறுபது வருடமாகப் பாடம். வாசிக்கிறேனா, பாடமாக்கியதை ஒப்புவிக்கிறேனா என்று சம்பந்திக்கு எப்படித் தெரியும்? அதனால் வானிலையை எடுத்தேன். வானிலை நேற்றையது இன்றைக்கு உதவாது, பாடமாக்கி ஏமாற்ற முடியாது. இன்னொன்று, பேப்பரில் வருகிற எல்லாவற்றிலும், வாசலில் நின்று கையை நீட்டி உண்மையா பொய்யா என்று பார்க்கக்கூடியது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை பேப்பர் வாங்கினேன். உள்பக்கத்தில் வரும் நாட்களுக்கான வானிலை என்று, மாகாணம் மாகாணமாக, சரியாக எட்டு வரி. கத்தரிக்கோலால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு இரண்டு வரி என்று கணக்கு. திங்கட்கிழமை வடக்கு மாகாணம், அதாவது உங்கள் பக்கம், அடுத்த மூன்று நாட்களுக்கு இடைக்கிடையே மழை. செவ்வாய்க்கிழமை நுவரெலியாவில் அதிகாலையில் தரையில் உறைபனி. அதை வாசித்துவிட்டு எனக்கே குளிர்ந்தது, சால்வையைப் போர்த்திக்கொண்டேன். புதன்கிழமை மேல் மாகாணம் தொடங்கியது. அதில் பிரதானமாக என்ற ஒரு சொல் மட்டும் காலையிலிருந்து பின்னேரம் வரை என்னைத் துறைமுக ஜெட்டியில் கப்பலைப் போலக் கட்டிப் போட்டது. வியாழக்கிழமை விடியத்தான் கடைசி வரியில் கரை சேர்ந்தேன். தங்கச்சி, அது என்ன சொன்னது தெரியுமா? மேல் மாகாணத்தில் அடுத்த மூன்று நாட்களுக்குப் பிரதானமாக மழையற்ற வானிலை காணப்படும், அதன் பின்னர் மாலை வேளைகளில் இடியுடன் கூடிய மழை ஆரம்பிக்கலாம். விரலை மடித்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு. எங்கள் நிகழ்ச்சி சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு. எனக்காகவே எழுதியது போல இருந்தது.

அன்றைக்குப் பொங்கல். ஆரணி பொங்கி, சம்பந்தி வந்து, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் எண்பது வீதம் மழை, நிகழ்ச்சியை மண்டபத்துக்குள் மாற்றச் சொல்லுங்கள் என்றார். அது எனக்குச் சரிவராது. காரணத்தைக் கேள். மண்டபத்துக்குத் தகரக் கூரை. மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் தும்மினாலும் கேட்காது. முற்றத்தில் என்றால் மைக், நூற்றிருபது கதிரை, முழு லேனும் வரும். மண்டபம் என்றால் முப்பது கதிரை, வாசிப்பு ஒன்றும் இல்லை, சான்றிதழைக் கையில் தந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று ஷெரோமி முன்பே சொல்லியிருந்தார். மழை வந்தால் என் வாசிப்பு போச்சு. அதுவும் இன்னும் பதினொரு வருடம் காத்திருக்கும் வயதில் நான் இல்லை.

"மழை வராது, சம்பந்தி. பேப்பர்ல போட்டிருக்கு" என்றேன்.

"ஆர் வாசிச்சுச் சொன்னது?"

"நான்தான் வாசிச்சனான்."

அவர் சிரித்தார். நேற்று நான்தான் பஸ் ஓட்டினேன் என்று ஒரு சின்னப் பிள்ளை சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "இப்ப எல்லாம் சாட்டலைட், சம்பந்தி. மேலயிருந்து பாத்துச் சொல்லுறாங்கள்" என்றார்.  நான் பொங்கலில் கிடந்த கஜுப் பருப்பை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டேன்.

அன்று பின்னேரம் ஷெரோமி ஒத்திகைக்குக் கூப்பிட்டிருந்தார். மைக் செட்காரரும் வந்திருந்தார், ஒருகொடவத்தைப் பக்கத்துச் சிங்களவர், ஸ்பீக்கரைத் தன் பிள்ளை போல வைத்திருப்பவர். வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்கிள், வஹிய்யித?" மழை வருமா என்று என்னைக் கேட்கிறார். எழுபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. "வஹின்னே நே," வராது என்றேன், துறைமுகத்துச் சிங்களத்தில், உறுதியாக. ஷெரோமி மட்டும் யோசித்தார். அவருடைய போனும் மழை என்றுதான் சொன்னதாம். கடைசியில், உங்களிடம் இருப்பதை ஒருக்கால் வாசியுங்கள் என்றார். துண்டை எடுத்தேன், நின்றேன், எட்டு வரியையும் வாசித்தேன். பிரதானமாக வந்த இடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். தாண்டிவிட்டேன். கடைசி வரியும் முடிந்தது. அப்போது அஸீஸா எழும்பினார்.

"போன்ல வாரத யாரு எழுதினண்டு யாருக்காவது தெரியுமா, ரீச்சர்? இது அச்சடிச்சது. அச்சடிச்சத நம்பேலாட்டி நாங்க ஏன் பத்து மாசமா இங்க வந்த?"

ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "சரி, அங்கிள், முற்றத்திலயே வைப்போம். மழை வந்தா ஸ்பீக்கரக் கட்டிப்பிடிச்சு நிக்கிறது நீங்கதான்" என்றார். நூற்றிருபது கதிரையும் மைக்கும் ரீச்சரின் மானமும் என் தலையில் ஏறின. வெள்ளிக்கிழமை முழுவதும் ஒரு துளி இல்லை. சம்பந்தி மூன்று தடவை போன் எடுத்தார். காலையில் எண்பது வீதம் என்றார், மத்தியானம் எண்பத்தைந்து, பின்னேரம் தொண்ணூறு. ஒவ்வொரு முறையும் நான், அச்சில் வீதம் போடுவதில்லை, ஆம் அல்லது இல்லைதான் என்று சொல்லி வைத்தேன்.

(இவ்வளவும் எழுத செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. விரல் வீங்கியிருக்கிறது. நாளைக்கு மிச்சம்.)

சனிக்கிழமை மூன்று மணிக்கு வெள்ளைச் சேர்ட் போட்டு வெளியே வந்து பார்த்தால், தெற்கே வானம் கப்பல் அடித்தட்டு மாதிரிக் கறுத்துக் கிடந்தது.  கட்டிலுக்குக் கீழே சாமான் மூடும் ஒரு பழைய படங்கு இருக்கிறது. துறைமுகத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று அதுவும் என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றது. கோதுமை மா இறக்கும்போது ஒரு துளி விழுந்தாலும் அதை இழுத்து மூடுவது என் வேலையாக இருந்தது. கை தன்பாட்டில் அதற்குப் போனது. பாதி இழுத்தும்விட்டேன். பிறகு யோசித்தேன். படங்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனால், இவனே தான் வாசித்ததை நம்பவில்லை என்றாகிவிடும். திரும்பத் தள்ளிவிட்டு, குடைகூட எடுக்காமல், பொக்கற்றில் துண்டுடன் மட்டும் போனேன். தங்கச்சி, நான் பெரிய கப்பல்களில் ஏறியிருக்கிறேன், கிறேன் கம்பி அறுந்து விழப் பார்த்திருக்கிறேன். கோயில் வரைக்கும் அந்த இருநூறு அடி நடந்தது போல ஒரு நாளும் நடக்கவில்லை.

நாலு மணிக்கு இடித்தது. கதிரைகளில் இருந்தவர்கள் மேலே பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். இடித்தது நான் என்பது போல. மைக் செட்காரர் பிளக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டே நின்றார். அந்த நேரம் பார்த்து ஜெனிஸ்டனின் போன் அடித்தது. சம்பந்தி. வெள்ளவத்தையில் கொட்டுகிறது, காலி வீதியில் ஆறு ஓடுகிறது, நிகழ்ச்சியை நிற்பாட்டிவிட்டீர்கள்தானே என்று கேட்டாராம். இங்கே ஒரு துளியும் இல்லை, மாமா என்று இவன் சொல்ல, அவர் நம்பவில்லை. பெரியவர் ஏமாறப் போகிறார், பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். அதை ஜெனிஸ்டன் என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

நாலரைக்குத் தொடங்கியது. அஸீஸா ரவையை வாசித்தார். நீர் கொதித்த பின்னர் என்ற இடத்தில் நிறுத்தி, முப்பது வருடமும் பச்சைத் தண்ணீரில் போட்டதைச் சபைக்குச் சொல்லி ஒரு கைதட்டலும் வாங்கிக்கொண்டு இறங்கினார். ஐந்தாவது என் பெயர். மேடையில் ஏறினேன். மைக் என் மூச்சை லேன் முழுக்கக் கேட்கச் செய்தது. துண்டை இரண்டு கையாலும் பிடித்தேன். வடக்கு மாகாணம் முடிந்தது. நுவரெலியா உறைபனி முடிந்தது. மேல் மாகாணத்தில் என்று தொடங்கிய அந்த நேரம் பார்த்து ஒரு முச்சக்கர வண்டி கோயில் வாசலால் உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் திரை இழுத்துக் கட்டி, கூரையிலிருந்து தண்ணீர் வழிய, குளத்திலிருந்து ஏறிய எருமை மாதிரி வந்து நின்றது. திரையை விலக்கிக்கொண்டு சம்பந்தி இறங்கினார். மழைக்கோட்டு. முழங்கால் வரை மடித்த காற்சட்டை. தலையில் சொப்பிங் பை, காதுக்குக் கீழே முடிச்சு. இறங்கிய கையோடு குடையையும் விரித்தார். விரித்துவிட்டுப் பார்த்தால், புழுதி பறக்கும் முற்றத்தில் நூற்றிருபது பேர் திரும்பி அவரைப் பார்க்கிறார்கள். ஸ்பீக்கரில் என் குரல் போகிறது: "அடுத்த மூன்று நாட்களுக்குப் பிரதானமாக மழையற்ற வானிலை காணப்படும்."

தங்கச்சி, முற்றம் வெடித்தது. பிரதானமாக என்ற சொல்லில் நான் தடக்கவே இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் அதை யாரும் கவனிக்கவில்லை, அந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. சம்பந்தி குடையை மடிக்கவில்லை. கையை வெளியே நீட்டிப் பார்த்தார். மறு கையையும் நீட்டிப் பார்த்தார். நான் கடைசி வரியை வாசித்து முடிக்கும்வரை அப்படியே நின்றார். பிறகு மெதுவாக மடித்தார். முழு முற்றத்திலும் ஈரமாக இருந்தது அவர் நின்ற இடம் மட்டும்தான். கைதட்டல் எவ்வளவு நேரம் என்று ஆரணி போனில் பிடித்து வைத்திருக்கிறாள். மைக் செட்காரர் பிளக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தட்டினார்.

எல்லாம் முடிந்து ரோல்ஸும் பிளேன்டீயும் கொடுத்தபோது சம்பந்தி என்னிடம் வந்தார். "அந்தத் துண்டை ஒருக்காத் தாங்கோ பாப்பம்" என்றார். கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு எட்டு வரியையும் வாசித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தார். வெகுநேரம் வாசித்தார். தோற்ற மனிதர், முகத்தை எங்கேயாவது வைத்துக்கொள்ள வேண்டும்தானே என்று நானும் பொறுத்திருந்தேன். கடைசியில் அதை நாலாக மடித்து, தானே என் பொக்கற்றில் வைத்து, மேலே ஒரு தட்டும் தட்டினார்.

"நல்லா வாசிச்சியள், சம்பந்தி. ஒரு இடத்திலயும் தடக்கேல்லை."

அதோடு விடவில்லை. ரீச்சரிடம், லேன் ஆட்களிடம், மைக் செட்காரரிடம் சிங்களத்தில், பேப்பரில் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள், என்னுடைய போன்தான் பிழை என்று தானாகவே போய்ச் சொன்னார். இரவு என்னுடைய சாரத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவருடைய காற்சட்டை எங்கள் கொடியில் காய்ந்தது. மழையற்ற வானிலையில் நன்றாகவே காய்ந்தது.

இன்றைக்கு, அதாவது இந்தப் பந்தியை எழுதும் வெள்ளிக்கிழமை, லேனில் என் நிலைமையைக் கேள். படுக்கை விரிப்புத் தோய்ப்பதற்கு முன் வாசலில் வந்து கேட்கிறார்கள். மூன்று நாள் முடிந்ததால் திங்கட்கிழமை குடை எடுங்கள் என்று சொல்லியிருந்தேன். முழு லேனும் குடையோடு போனது. மழை வரவில்லை, ஆனால் சரியான வெயில், குடை வீணாகவில்லை என்று எல்லோருக்கும் என் மேல் திருப்தி. சம்பந்தி வந்த ஞாயிறு, நான் இந்தக் கடிதத்தைத் தொடங்கிய அன்று மத்தியானம், பேப்பரைத் தான் பிரிக்காமல் என் மடியில் வைத்து, நீங்களே வாசியுங்கோ என்றார். வாசித்தேன். நாட்டு நடப்பை ஒரு பக்கம் முழுக்க, அரை மணி நேரம், அவர் நெளிய நெளிய வாசித்தேன். மரண அறிவித்தல் வந்ததும், "இது உங்களுக்கு வேண்டாம், சம்பந்தி" என்று புரட்டிவிட்டேன். அவர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

உனக்கும் ஒரு உதவி செய்து முடிக்கிறேன். அந்தத் துண்டில் வடக்கு மாகாணத்துக்கு அடுத்த மூன்று நாட்களுக்கு மழை என்று இருக்கிறது. ஆகவே இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று நாட்களுக்குக் கருவாட்டை வெளியே காயப்போடாதே. மச்சானிடமும் சொல். யார் சொன்னது என்று கேட்டால், அண்ணன் வாசித்தார் என்று சொல்.

மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. பேரப்பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. மாதா உங்கள் வீட்டு முகட்டைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பாளாக. அடுத்த கிழமையும் எழுதுவேன், கையைச் சுடுதண்ணீரில் வைத்துத் தயார்ப்படுத்திவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஹெக்டர் (கையெழுத்து மட்டும் இல்லை, முழுவதும் நானே)

பிற்குறிப்பு, சனிக்கிழமை.

தங்கச்சி, கருவாட்டைக் காயப்போடு. அந்த மழை பெய்து முடிந்து ஒன்பது நாளாகிறது.

நடந்தது இதுதான். கடித உறையில் அந்தத் துண்டையும் வைப்போம், நீயும் பார்ப்பாய் என்று எடுத்தேன். பழக்கத்துக்குப் பின்பக்கத்தையும் வாசித்தேன். பின்பக்கத்தில் ஒரு மரண அறிவித்தல். கரவெட்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், மருமக்கள் இரண்டு பேர் கனடாவில். தடக்காமல் வாசித்துச் சந்தோசப்பட்டேன், பிறகு செத்த வீட்டுக்குச் சந்தோசப்படக் கூடாது என்று சிலுவை போட்டேன், பிறகு கடைசி வரிக்கு வந்தேன். தகனக் கிரியைகள் நாளை செவ்வாய்க்கிழமை காலை. நாளை செவ்வாய் என்றால் அது திங்கட்கிழமை அச்சடித்தது. அது எனக்குத் தெரியும், நான்தானே வாங்கினேன். ஆனால் செத்தவருக்கு நாளை என்பது செவ்வாய் என்றால், அதே கடுதாசியின் மறுபக்கத்தில் மழைக்கும் அடுத்த நாள் செவ்வாய்தானே. செத்தவர் நான் வாசித்து முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார். மழையும் காத்திருக்காது. துறைமுகத்தில் மூன்று நாள் தவணை என்றால் கப்பல் கரை தொட்ட நாளிலிருந்துதான் எண்ணுவோம், அது எங்கே எப்போது புறப்பட்டது என்று யார் பார்த்தார்கள்? கடைசி வரியில் நான் கரை தொட்டது வியாழக்கிழமை, அங்கிருந்து எண்ணிவிட்டேன். அந்தத் துண்டு சொன்ன மழையற்ற நாட்கள் செவ்வாய், புதன், வியாழன். வெள்ளியிலிருந்து மழை என்றுதான் அதில் இருந்தது. சனிக்கிழமையைப் பற்றி அச்சு சரி, போன் சரி, சம்பந்தி சரி. பிழையாக நடந்துகொண்டது கொட்டாஞ்சேனை வானம் ஒன்றுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் இது. சம்பந்தி பின்பக்கத்தை வாசித்தார் என்று எழுதினேனே. பதினொரு வருடம் மரண அறிவித்தலில் தொடங்கும் மனிதர், ஒரு எழுத்து விடாமல் வாசிக்கும் மனிதர். நாளை செவ்வாய்க்கிழமையை அவர் விட்டிருக்க மாட்டார். சொட்டச் சொட்ட நனைந்து வந்து, நூற்றிருபது பேர் சிரித்த பிறகு, தான்தான் சரி என்பதற்கு அச்சடித்த சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை நாலாக மடித்து என் பொக்கற்றில் வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த நாள் நான் மரண அறிவித்தலைப் புரட்டியபோது வாயைத் திறந்து மூடியதும் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம் என்று பார்த்தேன். இன்னும் ஒரு கிழமை எடுக்கும். அதனால் அப்படியே அனுப்புகிறேன், வென்றதாகவே வாசி. நாளை ஞாயிறு, அவர் பேப்பரோடு வருவார். முதலில் மரண அறிவித்தலை எடுத்து, செத்தவரின் ஊர், உத்தியோகம், மருமக்கள் எல்லாம், ஒரு எழுத்து விடாமல் நானே அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அதற்கு மேல் ஏதும் சொல்வதா விடுவதா என்று தெரியவில்லை. சொன்னேனா இல்லையா என்பதை அடுத்த கிழமை எழுதுகிறேன். அடுத்த கிழமை என்பதை முறைப்படி மேலே உள்ள திகதியிலிருந்துதான் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் அது நாளைக்கே தொடங்கிவிடுகிறது, என்னால் முடியாது. ஆகவே இந்த ஒரு தடவை மட்டும் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்.